மீன் தொட்டியில் வந்த சாம்பிராணிப் புகை

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, பல வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். சாமி கும்பிடுகிறவர்கள் படித்தால் என்னைத் தப்பாக நினைப்பார்களோ என்று ஒரு பயம். கும்பிடாதவர்கள் படித்தால் சிரிப்பார்களே என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரைதான் படித்தவன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. குளித்து, நெற்றியில் விபூதி இடாமல் ஒரு வாய் காபி குடித்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், சாமி படத்துக்கு நேர் முன்னால் நடந்ததை நடந்தபடி எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசியில் என் தங்கையிடம் கேட்டேன். "எழுதிக்கோண்ணா, பேரு மட்டும் போட்றாத" என்றாள். அதனால் யார் பேரும் போடாமல் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் தண்ணீர்க் குடங்கள் வைக்கிற நடை. நான், என் மனைவி, அம்மா, தங்கை. அப்பா தவறிவிட்டார். எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிற காலம் அது.

தங்கைக்கு மாப்பிள்ளை வெளியே தேடவில்லை. அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையின் மகன்தான். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன பட்டறையில் லேத் ஓட்டினான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு. அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே வாய் வார்த்தையாகப் பேசி வைத்தது. ஆனால் அம்மாவுக்கு நாத்தனார் வீட்டில் பெண் கொடுக்க முழு மனசு இல்லை. தன் கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பு இல்லை என்று அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னதை அம்மா அத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை. ஏதாவது ஒரு காரணம் கிடைத்துத் தட்டு மாற்றுவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

கோயிலில் பழக்கமான ஒருவர் வாஸ்து தெரிந்தவர். கல்யாணத் தடைக்கு ஈசானிய மூலையில் மீன் தொட்டி வைக்கச் சொன்னார். வடகிழக்கு மூலையில் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டுமாம். அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். அம்மன் படம் வைத்த எங்கள் சாமி ஷெல்ப் இருந்ததும் அதே மூலைதான். சாமியும் ஈசானியம், மீனும் ஈசானியம். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஈசானிய மூலை. சுவரில் பதித்த, கதவு போட்ட சாமி ஷெல்ப்புக்கு நேர் கீழே, இரும்பு ஸ்டாண்டு போட்டுத் தொட்டியை வைத்தோம். கொளத்தூரிலிருந்து கோல்டு ஃபிஷ்ஷும் கறுப்பு மோலியும் பாலித்தீன் பையில் வந்தன.

தொட்டியின் உள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூழாங்கல்லுக்கு அடியில் ஒரு ஓட்டைத் தட்டு. அதிலிருந்து மேலே நிற்கிற ஒரு குழாய். வெளியே ஒரு சின்ன காற்று பம்ப். பம்ப்பிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று அந்தக் குழாய்க்குள் இறங்கும். டியூப்பின் முனையில் ஒரு கல் இருக்கும். அது காற்றைப் பொடிப்பொடியான குமிழியாக்கும். குமிழி மேலே ஏற ஏற, அழுக்குத் தண்ணீர் கூழாங்கல்லுக்குள் வடிந்து இறங்கி, குழாய் வழியாக மேலே வரும். இதுதான் பில்டர்.

முதலில் பம்ப் ஸ்டாண்டுக்குக் கீழே தரையில் இருந்தது. அப்போது மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் கரண்ட் போனது. பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி, பம்ப்பை நனைத்து, தரையெல்லாம் ஓடிவிட்டது. பம்ப்பும் போயிற்று. அதைச் சரிசெய்யத்தான் மச்சானைக் கூப்பிட்டேன். பட்டறையில் அவனுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை.

அவன் வந்து பார்த்தான். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பம்ப் இருந்தால் கரண்ட் போனாலும் தண்ணீர் ஏறி வராது என்றான். மேலே பிளக் இருந்தது ஒரே இடத்தில், சாமி ஷெல்ப்பில், சீரியல் லைட்டுக்காகப் போட்டது. அம்மாவிடம் கேட்டோம். "படத்துக்குப் பின்னால ஓரமா வையி. சாமிக்கு முன்னால டர்ருனு கத்தக்கூடாது" என்றாள்.

புதுப் பம்ப்போடு வந்த டியூப் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. மெடிக்கல் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் வாங்கிவந்து ஒட்டுப் போட்டான். இரண்டு டியூப்புக்கும் வாய் அளவு வேறு. ஒரு பால்பாயின்ட் பேனாவின் உடம்பை மட்டும் எடுத்து, இரண்டு டியூப்பின் முனையையும் வெந்நீரில் முக்கி இளக்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று செருகினான். மேலே சைக்கிள் டியூப் ரப்பரைக் கிழித்து இறுக்கிச் சுற்றினான். உள்ளே நிற்கிற குழாயும் விரிசல் விட்டிருந்தது. அதற்கு எலக்ட்ரீஷியன் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, பட்டறைக்கு எடுத்துப் போய் லேத்தில் ஒரு சுற்று சீவி, தட்டின் ஓட்டைக்குச் சரியாக உட்காருகிற மாதிரி கொண்டுவந்தான். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது என் தங்கை.

"இன்னா மச்சான், மீனுக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. உன் தங்கச்சி சமையல கொஞ்சம் போட்டேன். அப்டியே படுத்துக்கிச்சு" என்றான்.

"பேசிக்கினே இரு. இன்னிக்கு உனக்குச் சோறு கெடையாது" என்றாள் அவள். வெந்நீரை அவன் கைமேல் ஊற்றுகிற மாதிரி சாய்த்தாள். அம்மா சமையலறையிலிருந்து தொண்டையைச் செருமினாள். இருவரும் நல்ல பிள்ளைகளாகி மீனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஒரு கோல்டு ஃபிஷ் வயிறு மேலாக மிதந்தது. அம்மா கவலைப்படவில்லை. "நம்ம மேல வந்த கண்ணு, அதும்மேல போச்சு. நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் செடிக்கு அடியில் புதைக்கச் சொன்னாள். அடுத்த வாரமும் செத்தது. அதற்கடுத்த வாரமும். புது மீன் வாங்கி விட்டோம். அதுவும் ஒரு வாரம் தாண்டவில்லை. லாரித் தண்ணீரில் மருந்து அதிகமோ என்று வாளியில் பிடித்து வெயிலில் வைத்து ஊற்றினோம். கம்பெனிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று வாடையோ என்று ஜன்னலைச் சாத்தி வைத்தோம். மச்சான் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து குழாயைக் கழற்றிக் கழுவி, கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்து, மாட்டிவிட்டுப் போவான். தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நின்றதை அவன்தான் காட்டினான். மீனுக்குப் போடுகிற தீனியில் எண்ணெய் இருக்கும் என்று நினைத்தோம்.

ஒரு நாள் அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "நல்லா கவனி. அவன் வர்ற அன்னிக்குத்தான் சாவுது."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவன் வருகிறான், சனிக்கிழமை காலையில் மீன் மிதக்கிறது. பம்ப் தரையில் இருந்தவரை, அவன் கை வைக்காதவரை, எதுவும் சாகவில்லை. அதுவும் உண்மைதான்.

"அவனுக்குக் கைராசி இல்ல" என்றாள் அம்மா.

கைராசி என்கிற வார்த்தையை எங்கள் பக்கத்தில் எத்தனை லேசாகச் சொல்கிறோம். கடையில் முதல் போணிக்கு ஆள் பார்ப்போம். புது வண்டிச் சாவியை யார் கையில் வாங்குவது என்று பார்ப்போம். நானும் அப்படியே வளர்ந்தவன். அதனால் அம்மா சொன்னதும் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தங்கச்சி கழுத்தில் தாலி கட்டப்போகிற கை அது.

அம்மா சோதித்தும் பார்த்தாள். நடு வாரத்தில் என் மனைவியை விட்டு மீன் வாங்கி விடச் செய்தாள். வியாழன் வரை துள்ளிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை அவன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தினாள்.

"தொட்டியாண்ட போவாத நைனா."

"ஏன் அத்தே, மீனு கடிச்சிடுமா?" என்று சிரித்தான்.

"உன் கைக்கு மீனு ஆகல. போட்டதெல்லாம் செத்துப்போவுது."

அவன் சிரிப்பு உடனே போய்விடவில்லை. வாயில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேத் எண்ணெய் ரேகைக்குள் ஏறிப்போன கை. அதைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். உள்ளே வரவே இல்லை. சனிக்கிழமை காலை மறுபடியும் மீன் செத்துக் கிடந்தது.

"அவன் தொடவே இல்லியேம்மா" என்றேன்.

"அப்போ பாத்தாலே போதும் போல கீது" என்றாள் அம்மா.

அன்றைக்கே முடிவு சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை அவன் இந்தத் தெருவுக்கே வரக்கூடாது. அன்றைக்கு மீன் பிழைத்துவிட்டால், அம்மன் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். சம்பந்தம் கிடையாது. மீன் செத்தால், அவன்மேல் குற்றமில்லை, தட்டு மாற்றிக்கொள்ளலாம். சாமி படத்தின்மேல் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியிடம் விட்டுவிட்டோம், இனி நம் பொறுப்பு இல்லை என்று மனசு லேசானதுபோலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நடையில் குடத்தை வைக்கும்போது தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, நான் ஒண்ணு வேண்டிக்கினேன்" என்றாள்.

"இன்னா வேண்டிக்கினே?"

"மீனெல்லாம் செத்துப்போவணும்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எறும்புக்கு வழி விட்டுக் கோலம் போடுகிறவள் அவள். திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நான் காலை ஷிப்ட் முடித்து மதியம் வந்தேன். பில்டரில் குமிழி வரவில்லை. மச்சான் வராததால் நானே தொட்டியின் மூடியை எடுத்துக் கீழே வைத்து, டியூப்பை வெளியே இழுத்தேன். முனையில் இருந்த கல் பழுப்பு ஏறி, பிசின் பூசியதுபோல் அடைத்திருந்தது. தேய்த்தும் போகவில்லை. கல்லைப் பிடுங்கிவிட்டு வெறும் டியூப்பையே குழாய்க்குள் விட்டேன். பொடிக் குமிழிக்குப் பதிலாகக் கோலிக்குண்டு அளவுக் குமிழிகள் கொப் கொப் என்று வந்து உடைந்தன. தண்ணீர் அசைந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். மூடியைத் திரும்பப் போடவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. என் மனைவி கொட்டாங்குச்சி நெருப்பைத் தூபக்காலில் போட்டுக் கொடுத்தாள். வேண்டுதல் நாள் என்பதால் அம்மா அன்றைக்குச் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வீடெல்லாம் காட்டிவிட்டு, வழக்கம்போல் தூபக்காலைச் சாமி ஷெல்ப்புக்குள்ளேயே வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "முழுசா அனுபவிக்கட்டும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். அன்றும் சொன்னாள்.

நாங்கள் கண்ணை மூடி நின்றோம். என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இங்க பாருங்களேன்" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது.

தொட்டித் தண்ணீரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒரு குமிழி மேலே வந்து உடையும். உடைந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சிட்டிகைப் புகை எழும். அடுத்த குமிழி, அடுத்த சிட்டிகை. தண்ணீருக்குள்ளிருந்து, நெருப்பே இல்லாத இடத்திலிருந்து, சாம்பிராணி வாசனையோடு. தண்ணீர்மேல் புகை மெல்லிய துணி விரித்ததுபோல் நின்றது.

அம்மா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். "தாயே, வந்துட்டியா" என்றாள். என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் கண்ணிலும் நீர் வந்தது. மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் நான் முழுசாக நம்பினேன். என்னைப்போல் ஒருவன் வீட்டுக்கா வந்தாய் என்றுதான் கேட்டது மனசு.

அம்மா போட்ட குரலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது. அக்கா தொட்டியைப் பார்த்ததும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். கற்பூரம் எங்கிருந்தோ வந்தது. ஒருவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெரியவர் டம்ளரை நீட்டி, "கொஞ்சம் தீர்த்தம் குடுப்பா, காலு வீங்கிகினு கீது" என்றார்.

தங்கை மட்டும் கும்பிடவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, மீனப் பாரு" என்றாள்.

மீன்களெல்லாம் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. ஒரு மோலி பக்கவாட்டில் சாய்ந்து, நேராகி, மறுபடி சாய்ந்தது. மச்சான் வரவில்லை. தெருவுக்குள்கூட வரவில்லை. ஆனாலும் மீன் சாகிறது. அதை என் மூளை பிடிப்பதற்குள் என் கண் டியூப்புக்குப் போய்விட்டது.

குளுக்கோஸ் டியூப். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற டியூப். அதற்குள் வெள்ளையாகப் புகை ஓடிக்கொண்டிருந்தது. என் கண் அதன்கூடவே மேலே ஏறியது. பேனா ஒட்டு. சுவரில் அடித்த ஆணி. ஒருக்களித்த கதவு. சாமி படத்துக்குப் பின்னால் டர்ரென்று ஓடுகிற பம்ப். அதன் பக்கத்தில் அம்மா வைத்த தூபக்கால்.

 ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாமிக்குப் போட்ட புகையை இந்தப் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதியிருக்கிறது. கல் இருந்தவரை பொடிக் குமிழியில் புகை தண்ணீரிலேயே கரைந்துவிட்டது, மூடியும் இருந்தது; அதனால் எங்கள் கண்ணில் படவில்லை.

சுற்றிலும் ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் தாய் தரையில் கிடக்கிறாள். நான் வாயைத் திறந்து என்ன சொல்வது? மோலி கவிழ்ந்தது. நான் போய்ப் பேனா ஒட்டைப் பிடித்து டியூப்பைப் பிடுங்கிவிட்டேன்.

தொட்டியில் புகை நின்றது. என் கையில், பேனா வாயிலிருந்து, புகை வந்தது.

"இன்னாத்துக்குபா புடுங்குன? ஆத்தா வந்துகினு கீறப்போ நிறுத்திட்டியே" என்று ஆடிக்கொண்டிருந்த அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆத்தா இல்லக்கா. பம்ப்பு" என்றேன். 

"கலீஜா பேசாத. சாமி குத்தம் ஆயிடும்" என்றார் டம்ளர் வைத்திருந்த பெரியவர். இரண்டொருவர் என்னைத் தள்ளிவிட்டு டியூப்பைத் திரும்ப மாட்டப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, அவள் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, பேனா வாயை அதில் வைத்தேன். புகை அவள் கையில் மோதி விரல் இடுக்கில் பிரிந்து போனது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு டியூப் வழியாக மேலே பார்த்தாள், நான் பார்த்த வழியே. கதவு வரை பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"வாளி எடு" என்றாள் அம்மா.

தங்கை வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். சாகட்டும் என்று வேண்டிக்கொண்டவள்தான் ஒவ்வொரு மீனாக உள்ளங்கையில் ஏந்தி மாற்றினாள். அந்த மோலி பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, மறுநாள் பம்ப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டைப் பட்டறைக்கு ஓடினேன். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆர்டர் வந்தால், முதல் துண்டை மச்சான்தான் லேத்தில் மாட்ட வேண்டும் என்பார் முதலாளி. அவன் தொட்டால் வேலை தடங்கல் இல்லாமல் ஓடும் என்று அவருக்கு நம்பிக்கை. நான் போனபோது முதலாளி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் கையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "வேற யாரையாவது மாட்டச் சொல்லு சேட்டு, என் கை வேணாம்" என்றான்.

 எங்கள் வீட்டு வாசலில் சொன்ன ஒரு வார்த்தை அவன் பட்டறைக்குள் வந்து, லேத்தையும் அவனையும் பிரித்துவைத்திருந்தது.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவன் பம்ப்பைத் திருப்புளியால் திறந்தான். உள்ளே காற்றை அடிக்கிற ரப்பர் முழுக்கப் பழுப்புப் பிசின். விரலில் தொட்டு முகர்ந்தான்.  சந்தோஷப்படுவான் என்று நான் காத்திருந்தேன்.

"மேல வச்சது யாரு மச்சான்?" என்றான் கடைசியில். "என் கைதானே. அப்போ அத்தே சொன்னது சரிதானே."

 பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்து அம்மாவிடம் சொன்னேன். தங்கை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடு" என்றாள்.

அப்பா காரியத்துக்குப் பிறகு நாத்தனார் வீட்டுப் படியை அம்மா மிதிக்கவில்லை. அன்றைக்கு மிதித்தாள். அத்தை, "வாங்கண்ணி, வழி தெரிஞ்சிச்சா?" என்றாள். அம்மா நேராக மச்சான் முன்னால் போய் நின்றாள். அவன் கை மறுபடியும் பாக்கெட்டில் இருந்தது.

"கைய வெளிய எடு நைனா" என்றாள். "பம்ப்ப நீ வச்ச. அந்த மூலையிலதான் தொட்டி வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? நானு. படத்துக்குப் பின்னால வையின்னு எடம் காட்டுனது நானு. நெருப்பு போட்டது இவன் பொண்டாட்டி. தூபக்கால உள்ள வச்சுக் கதவச் சாத்துனது நானு. உன் கையி மட்டும் எப்டி தனியா ராசி கெட்டுப்போச்சு? பாக்கறதுன்னா எல்லார் கையும் பாக்கணும். மொதல்ல என் கைய பாரு." தன் இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் தலை குனிந்தான். அத்தை வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் நின்றாள்.

"நான் தெரியாம சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். நம்பித்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "இப்போ அது இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. அந்தப் பம்ப்ப எடுத்து வேற எடத்துல மாட்டு. நீதான் மாட்டணும். வேற யாரையும் நான் தொட வுட மாட்டேன்."

 பிறகு அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, "ஜன்னல் கம்பில மாட்டணும்னா டியூப்பு பத்தாது அத்தே. இன்னும் கொஞ்சம் வாங்கணும்" என்றான். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டுப் போங்கண்ணி. உப்பு போட்டுத்தான் செஞ்சிருக்கேன்" என்றாள். அம்மா சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை வேலை முடிந்ததும் வந்து மாட்டினான். ஜன்னலுக்கு வெளியே கம்பியில் பம்ப்பைத் தொங்கவிட்டு, மழை படாமல் பழைய எண்ணெய் கேனை வெட்டிக் கவிழ்த்தான். டியூப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வளைத்து ஆணியில் கட்டி, தொட்டிக்கு இறக்கினான். பழைய டியூப், பேனா ஒட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டான். அவன் விரல் முதலில் கொஞ்சம் தயங்கித்தான் தண்ணீருக்குள் போனது. தங்கை அவன் பக்கத்தில் நின்று, "உள்ள வுடு மாமா, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவள் அவனை எங்கள் எதிரில் மாமா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எப்போதும்போல் சாம்பிராணி போட்டாள். அவன் அருகில் நின்று கும்பிட்டான். சனிக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் தொட்டி முன்னால் நின்றோம். மீன்கள் எல்லாம் தீனிக்கு மேலே வந்தன. அம்மா யாரையும் பார்க்காமல், "வர்ற முகூர்த்தத்துல தட்டு மாத்திடலாம்" என்றாள். தங்கை நடைக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவள் அழுதாள், சத்தம் கேட்டது.

எங்கள் தெருவில் இந்தக் கதை இரண்டு விதமாகப் போய்விட்டது. அம்மன் வந்ததாகவும், நம்பிக்கை இல்லாத ஒருவன் டியூப்பைப் பிடுங்கி அவளை விரட்டியதாகவும் சிலர் சொல்கிறார்கள். சாமி கும்பிட்டால் மீன் சாகும் என்று ஆகிவிட்டதாக வேறு சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டுமே நடக்கவில்லை. நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கையைத் தண்ணீருக்குள் விட வைத்ததும் அம்மன்தான் என்று நம்புகிறேன்; அது என் நம்பிக்கை, அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தயவுசெய்து சொல்லுங்கள். மீன் வளர்க்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு ஆளின் கையைப் பற்றிப் பேச வாயெடுக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் அழகுக்காகக்கூட ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள், ஒரு வார்த்தை எடுக்காதீர்கள். புகை பம்ப் வழியாக வந்தது. செத்தது மீன். பழி விழுந்தது ஒரு மனுஷன்மேல். இந்த மூன்றும் இதே வரிசையில் இருக்கட்டும்.